தீபாவளி வீட்டு விற்பனைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்து, இளம்பிள்ளை சாஃப்ட் சில்க், சின்னாளப்பட்டி சுங்குடி, நெகமம் காட்டன், ஆரணிப் பட்டு என்று 80, 100 புடவைகளை ரகவாரியாக அடுக்கி, தெரிந்தவர்களை அழைத்து தீபாவளிக்கு முன் விற்கும் பெண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இன்று பெயர்ப்பலகை, மாதிரிப் புத்தகம், கணக்கு நோட்டு மூன்றும் வாட்ஸ்அப் பிசினஸ்தான். 2018 ஜனவரியில் வெளியான இந்தச் செயலி இலவசம். சாதாரண வாட்ஸ்அப் தெரிந்த யாருக்கும் அரை மணி நேரத்தில் பழகிவிடும். இங்கே மதிப்பிடுவது ஒரே ஒரு வேலையை வைத்து மட்டும்: ஒரு வீடு, ஒரு நாள், தீபாவளி விற்பனை. வருஷம் முழுக்க ஆன்லைனில் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வந்த ஆர்டரைச் சிந்தாமல் சிதறாமல் பிடித்து வைக்க இதைவிட எளிய கருவி கையில் இல்லை. ஆளை வீட்டுக்கு வரவழைப்பது மட்டும் பாதிதான் இதன் பொறுப்பு. மீதிப் பாதி, விற்பனைக்கு எந்தத் தேதியைக் குறிக்கிறோம், யார் யாரிடம் போன் போட்டு வாயால் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. கூட்டம் சேரவில்லை என்றதும் போட்டோ சரியில்லையோ, மெசேஜ் போகவில்லையோ என்று தேடுவோம். முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை.

தேதி குறிப்பது

தீபாவளிப் புடவை வியாபாரத்துக்குக் கடைசி நாளைக் குறிப்பவர் தையல்காரர். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே "இனி பிளவுஸ் வாங்குறதில்லை" என்று நல்ல தையல்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆரி வேலை என்றால் இன்னும் முன்னாடியே. பிளவுஸ் தைக்க முடியாத புடவையை தீபாவளிக்கு என்று யாரும் வாங்க மாட்டார்கள். "பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்று மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆக விற்பனை நாள் தீபாவளிக்கு நான்கு வாரம் முன்னால் விழ வேண்டும். ஆனால் போனஸ் அதற்குப் பிறகுதான் வரும். பணம் பின்னால் வருகிறது, துணி முன்னால் வேண்டியிருக்கிறது: இந்த வியாபாரத்தின் முடிச்சே இதுதான். இதை அவிழ்க்கத்தான் செயலியின் லேபிள் வசதி, அதாவது ஒவ்வொருவரின் சாட்டிலும் ஒரு குறிப்புப் பெயரை ஒட்டி வகை பிரிக்கும் வசதி, உதவுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. நான்கு வாரம் பின்னால் எண்ணினால் அக்டோபர் 11, அதுவும் ஞாயிறு, நவராத்திரி தொடக்கம். அதற்கு முந்தைய வாரம் வைக்கலாமா என்றால், செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 10 மகாளய அமாவாசை வரை மகாளய பட்சம். பட்சத்தில் புதுத்துணி எடுக்காத வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அழைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்கள் வரமாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். அடுத்த ஞாயிறு அக்டோபர் 18 என்றால் அன்று காலையிலேயே அஷ்டமி பிறந்துவிடுகிறது. 11ஆம் தேதி முடியாதவர்களுக்கு 17 சனிக்கிழமை சரி. சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30, அதனால் 10.30க்குப் பிறகு போணி. அதற்கும் பின்னால் தள்ளினால் தைக்க நாளில்லை.

நவராத்திரியில் இன்னொரு சங்கதி. மாலையில் பெண்கள் கொலுவுக்குப் போய்வருவார்கள், அல்லது தங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஆள் வருவார்கள். எனவே மாலை நேரத்தை நம்பாமல் காலை 10 முதல் மாலை 4 வரை என்று அறிவிப்பது நல்லது. ஞாயிறு ராகு காலம் 4.30க்குத் தொடங்குவதால் அதற்குள் முடிந்தும்விடும். நம் வீட்டிலேயே கொலு இருந்தால், கொலு அழைப்போடு விற்பனையைக் கலக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாம்பூலம் வாங்க வந்தவர் புடவையைப் பார்த்தால் வாங்கியாக வேண்டுமோ என்று கூசுவார். அடுத்த வருஷம் கொலுவுக்கும் வரமாட்டார். விற்பனைக்குக் கூப்பிடும்போது விற்பனை என்றே சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் கொடுத்து அனுப்புவது மரியாதை.

எண்ணும் பிராட்காஸ்ட்டும்

வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே போனில் வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் வேறு வேறு எண்ணில் ஓடும். வீட்டு லேண்ட்லைன் எண்ணிலும் பிசினஸ் கணக்குத் தொடங்கலாம்; சரிபார்ப்பு எண்ணை எஸ்எம்எஸ்ஸாகக் கேட்காமல் குரல் அழைப்பாகக் கேட்டால் போதும். ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கும் பழைய எண்ணை பிசினஸுக்கு மாற்றுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அந்த எண் அவர்கள் போனில் பதிவாகியிருக்கிறது. புது எண் எடுத்தால் அந்தச் சொத்து கையை விட்டுப் போகும்.

ஏன் சொத்து என்றால், பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். அதில் 100 பேர் நம் எண்ணைச் சேமிக்கவில்லை என்றால் அந்த 100 பேருக்கும் விற்பனை நடந்ததே தெரியாது. "எல்லாருக்கும் அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை" என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்டேட்டஸும் அப்படியே: அவர் நம்மையும் நாம் அவரையும் சேமித்திருந்தால்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. பிராட்காஸ்ட் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று இரண்டு வரிசை காட்டும். இரண்டு நாள் கழித்தும் சேர்ந்தவர் வரிசையில் இல்லாதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். போன் போட வேண்டிய முதல் பட்டியல் அதுதான். "அக்கா, நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, இல்லேன்னா போட்டோ உங்களுக்கு வராது" என்று ஒரு வரி சொன்னாலே போதும், வீட்டு விசேஷம் விசாரித்துக்கொண்டே அழைப்பும் முடிந்துவிடும். படித்தவர் வரிசையில் இருந்தும் பதில் சொல்லாதவர்கள் இரண்டாவது பட்டியல். அவர்களுக்கு வர மனசிருக்கிறது, நாள்தான் நிச்சயமில்லை.

பிராட்காஸ்ட் வேண்டுமா குரூப் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, புடவை விற்பனைக்குச் சந்தேகமில்லாமல் பிராட்காஸ்ட். குரூப்பில் ஒருவர் "இது தி.நகர்ல 200 ரூபாய் கம்மி" என்று போட்டால் அதை நூறு பேர் படிப்பார்கள். எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது பிடிக்காது. பிராட்காஸ்ட்டில் பதில் தனியாக நமக்கு மட்டும் வரும், பேரமும் தனியாகப் பேசலாம். குடியிருப்பில் நெருக்கமான 20, 25 பேர் மட்டும் இருந்தால் குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு (poll) போட்டு "காலை 10–12", "12–2", "2–4" என்று வரும் நேரத்தைக் கேட்கலாம். தாங்களே தட்டிச் சொன்ன நேரத்துக்குப் பெண்கள் வந்துவிடுகிறார்கள். எல்லோரும் 11 மணிக்கே வந்து நெரிசலாகிப் புடவையைப் பிரிக்க இடமில்லாமல் போவதும் குறையும்.

அழைப்பை மூன்று தவணையாக அனுப்புவது சரியான அளவு. 12 நாள் முன்னால் தேதி மட்டும், போட்டோ இல்லாமல்:

"வணக்கம் அக்கா. அக்டோபர் 11 ஞாயிறு காலை 10 முதல் 4 வரை நம்ம வீட்டில் தீபாவளிப் புடவை. ரூ.650 முதல் ரூ.6,500 வரை. பிளவுஸ் தைக்க நாள் இருக்கும்படி முன்கூட்டியே வைத்திருக்கிறோம். வருவீங்கன்னா 'வர்றேன்'னு ஒரு வார்த்தை போடுங்க."

விலை வரம்பை எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால், கையில் இருக்கும் பணத்துக்கு அங்கே ஒன்றும் இருக்காது என்று நினைத்து நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து நாள் முன்னால் ஆறேழு போட்டோ, அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் மாலை லொகேஷனும், வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதும், அடுக்குமாடி என்றால் காவலாளியிடம் சொல்ல வேண்டிய வீட்டு எண்ணும். வீட்டு முகவரியை பிசினஸ் புரொஃபைலில் எல்லோரும் பார்க்கும்படி போடாமல், பகுதிப் பெயரோடு நிறுத்திவிட்டு, வருவதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் லொகேஷன் அனுப்புவதே பாதுகாப்பு. இந்த மூன்றைத் தாண்டித் தினமும் அனுப்பினால் பிளாக் செய்வார்கள், சிலர் புகாரும் தட்டுவார்கள். புகார் கூடினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள், அதுவும் சீசன் நடுவில்.

எத்தனை பேர் வருவார்கள்? 40 பேரை அழைத்தால் 15 பேருக்கு ஏற்பாடு செய்வது பத்திரமான கணக்கு. அதில் போனில் பேசியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். போனில் பேசும்போது பொதுவாக "வாங்க" என்பதைவிட, அவருக்கென்று ஒரு காரணம் சொல்ல வேண்டும்: "போன தடவை கேட்டீங்களே மேடம், சின்ன பார்டர் நெகமம், நாலு கலர் வந்திருக்கு." இதற்கு அவர் போன தடவை என்ன கேட்டார் என்பது நினைவில் இருக்க வேண்டும். அதற்கும் லேபிள்தான்.

கேட்லாக்

ஒரு கேட்லாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் 10 படம், பெயர், விலை, விவரம், கோட் எண். ஏற்றியதும் உடனே வெளியே தெரியாது, செயலி சரிபார்த்த பிறகுதான் தெரியும். கடைசி ராத்திரி உட்கார்ந்து ஏற்றாமல் இரண்டு நாள் முன்னால் முடித்துவிடுங்கள்.

நூறு புடவையையும் ஏற்ற வேண்டுமா? வேண்டாம். 25, 30 போதும். எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துவிட்டால் "ஒண்ணும் பிடிக்கலை" என்று வீட்டிலிருந்தே முடிவெடுத்துவிடுவார்கள். நேரில் வந்து தொட்டுப் பார்த்தால் பிடித்திருக்கும் புடவைகள் அவை. வெளியூரிலிருந்து ஆர்டர் செய்பவர்களுக்கு ஏற்றவை, நிறம் ஏமாற்றாதவை, ஒன்றுக்கு மேல் கைவசம் உள்ளவை: இவைதான் கேட்லாக்குக்கு. ஒற்றைப் பீஸ் பட்டுகள் வீட்டுக்கு வருபவர்களுக்கு.

நிறம் ஏமாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், திருப்பி அனுப்பும் புடவைகளில் முக்கியமான காரணம் அதுதான். மயில் கழுத்து நிறப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் பின்னிக் கிடப்பதால் மடிப்பு திரும்பும் இடத்தில் ஒரு நிறமும் தட்டையான இடத்தில் இன்னொரு நிறமும் அடிக்கும். போன் கேமரா ஒரு கணத்தைப் பிடித்து, நீலம் என்றோ பச்சை என்றோ ஒரே முடிவாகச் சொல்லிவிடும். "எம்.எஸ். ப்ளூ மாதிரி இருந்துச்சு, கையில வாங்கினா பச்சை" என்ற சண்டை அங்கே தொடங்கும். இந்த மாதிரிப் புடவைக்குக் கேட்லாக் படம் போதாது. முந்தானையை ஒரு கையில் தூக்கி, மடிப்பை மெதுவாகப் புரட்டிக் காட்டும் 15 விநாடி வீடியோ எடுத்துத் தனியாக அனுப்ப வேண்டும். மற்றப் புடவைகளுக்கும் மஞ்சள் பல்பு வெளிச்சம் கூடாது. அரக்கு, கத்திரிப்பூ இரண்டும் மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பாகிவிடும். காலை 9, 10 மணிக்கு நேர் வெயில் படாத ஜன்னலோரம், வெள்ளை வேட்டியைப் பின்னால் விரித்து, பிளாஷ் இல்லாமல். மூன்று படம்: மடித்த நிலையில் முழுப் புடவை, முந்தானை, பிளவுஸ் துணி. பிளவுஸ் படத்தை விட்டுவிட்டால் பத்து பேர் "பிளவுஸ் ரன்னிங்கா, கான்ட்ராஸ்டா?" என்று கேட்பார்கள், பத்து பேருக்கும் பதில் எழுத வேண்டும்.

விவரத்தில் எழுத வேண்டியவை: துணி ரகம், பிளவுஸ் சேர்த்து நீளம் (வழக்கமாக புடவை 5.5 மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர்), துவைக்கும் முறை, ஃபால்ஸ் தைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது விலைக்குள் சேர்த்தியா, தனியா. விலையைப் போட்டே ஆக வேண்டும். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள், கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.

கோட் எண்ணைப் புடவையிலும் வைக்க வேண்டும். பட்டில் குண்டூசி, ஸ்டேப்ளர் இரண்டும் ஆகாது, துளை நின்றுவிடும். விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் எண் எழுதி மடிப்புக்குள் சொருகி வையுங்கள். அட்டை இடம் மாறாமல் இருக்க, பிரித்துப் பார்த்த புடவையை மடிக்க ஒருவர் தனியாக இருக்க வேண்டும்.

செயலியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. கேட்லாக்கில் கார்ட் உண்டு, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். ஆனால் எத்தனை பீஸ் மிச்சம் என்று கணக்கு வைக்கும் வசதி இல்லை. கார்ட் அனுப்பியது வெறும் செய்திதான். புடவை அவருக்கு ஒதுக்கப்பட்டுவிடாது. ஒரே புடவைக்கு மதுரையிலிருந்து ஒருவரும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரும் கார்ட் அனுப்புவார்கள், நேரில் வந்த மூன்றாமவர் அதையே கையில் வைத்திருப்பார். இதற்கு விதியை முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்: முன்பணம் முதலில் வந்தவருக்கே புடவை, பணம் இல்லாமல் ஒதுக்கி வைப்பது 2 மணி நேரம் மட்டும். விற்பனை நாளில் கணினியில் இணைத்து வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, விற்ற எண்ணைக் கேட்லாக்கில் உடனே மறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கணக்கை போன் போக நான்கு கருவிகளில் இணைக்கலாம், அதனால் போனை நீங்கள் வைத்துக்கொண்டே இந்த வேலையை வேறொருவருக்கு விடலாம்.

லேபிளும் முன்பணமும்

வாட்ஸ்அப் பிசினஸில் பணம் கொடுத்தாவது வாங்கலாம் என்று சொல்லத்தக்க ஒரே வசதி லேபிள். 20 லேபிள் வரை வைக்கலாம். புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பாக்கி, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது என்று ஐந்து ஏற்கெனவே இருக்கும். அதைத் தீபாவளி விற்பனைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்: "வர்றேன்", "பார்க்கலாம்", "பாதிப் பணம்", "பிளவுஸ் வெட்டியாச்சு", "பாக்கி", "கொரியர்", "கேட்டது இல்லை". ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் ஒட்டலாம். லேபிளைத் திறந்தால் அந்த வகையினர் மட்டும் வரிசையாக வருவார்கள். முதல் நாள் மாலை லொகேஷன் அனுப்ப "வர்றேன்" லேபிளைத் திறந்தால் வேலை பத்து நிமிஷத்தில் முடியும்.

இப்போது அந்த முடிச்சுக்கு வருவோம். அக்டோபர் 11ல் புடவை பிடித்திருக்கிறது, போனஸ் மாதக் கடைசியில்தான் வரும். அந்தப் புடவையை முழுப் பணம் இல்லாமல் கொடுக்க முடியாது; பிளவுஸோ இப்போதே தையல்காரரிடம் போக வேண்டும். வழி: பாதிப் பணம் வாங்கிக்கொண்டு பிளவுஸ் துணியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் புடவையை நம்மிடமே வைத்துக்கொள்வது. இதில் கவனம் தேவை. பிளவுஸ் துணி சில புடவையில் முந்தானைக்கு அப்பால் இருக்கும், சிலதில் உள்முனையில் இருக்கும். வாங்குபவர் கண் முன்னால் முழுப் புடவையையும் விரித்து, டேப் பிடித்து 5.5 மீட்டர் தனியாக நிற்கிறதா என்று அளந்த பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் என்றால் நிறம் மாறும் இடம் கண்ணுக்குத் தெரியும். ரன்னிங் பிளவுஸில் டிசைன் நிற்கும் கோட்டைத் தேட வேண்டும். தெரியாவிட்டால் குறுக்கே ஒரு நூலை உருவினால் நேர்கோடு கிடைக்கும், அதன் மேலேயே வெட்டலாம். வெட்டிய முனை பிரியாமல் அன்றே ஓரம் அடித்துவிடுங்கள்.

வெட்டிவிட்டால் அந்தப் புடவை வேறு யாருக்கும் விற்காது. எனவே கால் பங்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கத்திரி எடுக்கக் கூடாது. பாதிக்குக் குறையக் கூடாது. "பிளவுஸ் வெட்டியபின் மாற்றவோ திருப்பவோ முடியாது" என்பதைச் சொல்லால் மட்டும் விடாமல், அவர் சாட்டில் எழுதி அவரிடமிருந்து "சரி" வாங்கிய பிறகே வெட்ட வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். குவிக் ரிப்ளையில் சேமித்து வைத்தால் ஒரு சாய்கோட்டைத் தட்டியதும் வந்து நிற்கும். 50 வரை சேமிக்கலாம்.

பாக்கி வாங்க நவம்பர் 1 ஞாயிறைக் குறித்துவிடுங்கள். அக்டோபர் சம்பளம் வந்திருக்கும், போனஸும் பலருக்கு வந்திருக்கும். புடவையை எடுக்க அவர்களே வீட்டுக்கு வருவார்கள், செலவில்லாமல் இரண்டாவது விற்பனை நாள் கிடைக்கிறது. அன்றைக்குத் தைக்க வேண்டாத சரக்கை வெளியே வையுங்கள்: வேட்டி, துண்டு, நைட்டி, ரெடிமேட் பிளவுஸோடு போடும் காட்டன் புடவை, மாமியாருக்குக் கொடுக்க என்று கேட்கும் சுங்குடி. பாக்கி நினைவூட்டலை அக்டோபர் 29 அன்று "பாக்கி" லேபிளில் உள்ளவர்களுக்கு ஒவ்வொருவராகத் தனியாக அனுப்ப வேண்டும். பணம் பற்றிய பேச்சு பிராட்காஸ்ட்டில் போனால் மனசு நோகும்.

பணம் யூபிஐயில் வருவதுதான் இப்போது வழக்கம். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி புடவையைக் கொடுக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் ஒருபுறம்; நேர்மையானவர்களுக்கும் பணம் பாதியில் நின்று "பென்டிங்" காட்டுவது உண்டு. நம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே லேபிளை மாற்ற வேண்டும். பணம் அனுப்பும்போது குறிப்பில் புடவைக் கோட் எண்ணை எழுதச் சொல்லுங்கள். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது ரூ.1,250 மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால் எது யாருடையது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

விற்பனை நாள்

அன்று செயலிக்குப் பெரிய வேலையில்லை, இருக்கவும் கூடாது. வெளியில் இருக்கும்போது தானாகப் பதில் போகும் செய்தியை அமைத்து, "இப்போது வீட்டில் விற்பனை நடக்கிறது, 4 மணிக்கு மேல் பதில் தருகிறோம்" என்று விட்டுவிடலாம். வந்தவரை உட்கார வைத்துவிட்டு நாம் போனைத் தடவிக்கொண்டிருந்தால் அவருக்கு வாங்கும் மனசு போய்விடும்.

அடுக்கும்போது நிறவாரியாக வைக்காமல் விலைவாரியாக வையுங்கள்: ரூ.1,000க்குள், 2,000க்குள், அதற்கு மேல். நடுத்தர விலைக் கட்டு வாசலுக்கு நேரே. ஆளுயரக் கண்ணாடி ஒன்று கட்டாயம், ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில். புடவையை மடியில் போட்டுப் பார்ப்பதற்கும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பதற்கும் விற்பனையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மோர், சுண்டல் போதும், ஆனால் வேறு அறையில். எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். பட்டில் எண்ணெய் விரல் பட்டால் அந்தப் புடவை நம்முடையது. வாசலில் பிசினஸ் க்யூஆர் அட்டையை ஒட்டி வைத்து, தோழியோடு கூட வந்த புது முகங்களை அங்கேயே ஸ்கேன் செய்து ஒரு "ஹாய்" அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைச் சேமித்துவிட்டார்களா என்று பார்த்த பிறகு தாம்பூலம்.

வெளிமாநிலத்துக்கு கொரியர் அனுப்புவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. மாநிலம் தாண்டி விற்கும்போது அந்த வரம்பு அப்படியே பொருந்தாது, கைவினைப் பொருட்களுக்கு மட்டும் சில விலக்கு உண்டு. பெங்களூருக்கு ரெண்டு புடவைதானே என்று தொடங்குமுன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விற்பனை முடிந்த ராத்திரி செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. சாட்களை பேக்கப் எடுப்பது முதல் வேலை. போன் தொலைந்தால் பாக்கிக் கணக்கு முழுவதும் அதோடு போய்விடும், ஒரு நோட்டிலும் எழுதி வைப்பது தப்பில்லை. அடுத்து, விற்ற எண்கள் எல்லாம் கேட்லாக்கில் மறைந்தனவா என்று பார்ப்பது. பிறகு "கேட்டது இல்லை" லேபிளைத் திறந்து, நாள் முழுக்க யார் என்ன கேட்டு இல்லாமல் போனார்கள் என்பதை அந்தந்தச் சாட்டிலேயே ஒரு வரி எழுதி ஒட்டுவது: மாமி ஒருவருக்கு ஒன்பது கஜம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையில் சந்தன பார்டர், ரூ.800க்குள் டீச்சர்களுக்கு ஏற்ற காட்டன். அடுத்த முறை இளம்பிள்ளைக்கோ சின்னாளப்பட்டிக்கோ சரக்கு எடுக்கப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டிய பட்டியல் அதுதான்.